மேலத்தெருவில் குறைந்த ஓட்டுகள்

பங்குனி 24, செவ்வாய்

உரக்கடையில் என் வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்த டைரி இது. மூன்று மாதமாக டி.வி.க்கு அடியில் கிடந்தது. அவர் எழுதப் போவதில்லை. எனக்கோ எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால் அத்தை, "வக்கீலுக்குப் படிக்க வேண்டியவ, தப்பி இங்கிட்டு வந்துட்டா" என்பாள். ஆகவே கேள்விகளை இதில் எழுதி வைக்கிறேன்.

இன்று ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் தேர்தல் கூட்டம். எங்கள் ஊரில் தெருவே இரண்டுதான். கீழத்தெரு மண்வெட்டிச் சின்னத்துக்குப் போட வேண்டும், மேலத்தெரு விளக்குக்கு. இது ஊர் முடிவு. வேட்பாளர் யார், நல்லவனா கெட்டவனா என்ற பேச்சே கிடையாது. எவன் ஜெயித்தாலும் பாதி ஊர் அவன் முன்னால் உரிமையோடு போய் நிற்கலாம் அல்லவா? ஜெயித்த தெரு மனு கொண்டு போகும். தோற்ற தெரு, போகிறவர்களுக்குப் புளியோதரை கட்டிக் கொடுக்கும்.

ஆண்கள்தான் கூட்டத்துக்குப் போவார்கள். திரும்பி வந்து வீட்டில் சொல்வார்கள். இவர் வந்ததும், "விளக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். எட்டு வருடமாக அதேதானே, மறக்கிற விஷயமா என்று கேட்டேன். "சொல்றது என் கடமை" என்றார். இவர்தான் விளக்குக் கட்சிக்குப் பூத் ஏஜெண்ட்.

பங்குனி 28, சனி

மிளகாய் வற்றலில் காம்பு கிள்ளிக்கொண்டே அத்தையிடம் கேட்டேன், இந்த ஏற்பாடு எப்போது வந்தது என்று.

"நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல ஊரே ஒண்ணாச் சேந்து ஒருத்தனுக்குப் போட்டுச்சு. அவன் தோத்துட்டான். ஜெயிச்சவன், அந்த ஊர்ல எனக்கு ஒத்த ஓட்டு விழலன்னு திரும்பிக்கூடப் பாக்கல. கம்மாத் தண்ணியத்தான் குடிச்சோம், அஞ்சு வருசம். பெறகுதான் நாட்டாமைக்காரவுக அப்பா உக்காந்து பிரிச்சாரு."

அத்தை ஆவுடையம்மாளும் என்னைப் போலக் கீழத்தெருவில் பிறந்தவள்தான். ஆனால் இப்போது அவளைவிடப் பெரிய விளக்குக்காரி இந்தத் தெருவில் இல்லை. முந்தானையில் விளக்கு பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்கவே போகிறாள்.

என் கல்யாணம் நினைவுக்கு வந்தது. ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். நான் இவருக்கு, இவருடைய அக்கா வேலுத்தாய் என் அண்ணன் கருத்தப்பாண்டிக்கு. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுதான் இரண்டு தெருவுக்கும் வழக்கம். தாலி கட்டி முடிந்ததும், அப்போது உயிரோடிருந்த மாமா என்னை அழைத்து, "இனி உனக்குக் குலதெய்வம் எங்க அய்யனாரு, கட்சி விளக்கு" என்றார். அங்கே வேலுத்தாய் மதினிக்கு மண்வெட்டி சொல்லியிருப்பார்கள். அவள் அதைக் கேட்டு எப்படி முகத்தை வைத்திருந்தாள் என்று பார்க்க எனக்கு ஆசை. நடுவில் மறைப்பு கட்டியிருந்தார்கள்.

சித்திரை 1, செவ்வாய்

வருடப் பிறப்பு. பாயசம், வடை. மதினி குடத்தோடு எங்கள் வாசலைக் கடந்து போனாள். "தம்பி நல்லாருக்கானா?" என்று கேட்டாள். உள்ளே வந்து பாருங்களேன் என்றேன். "அவன் கூப்பிடட்டும்" என்று போய்விட்டாள்.

ஒரே ஊர்தானே, தினமும் பார்க்கிறோமே என்று இவர் அக்காவுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டு போவதை நிறுத்தி நாலு வருடமாகிறது. என் அண்ணனும் எனக்குக் கொண்டு வருவதில்லை, அதே காரணம்தான். எதிரெதிர்க் கட்சிக்கு இரண்டு பேரும் ஏஜெண்ட் ஆன பிறகு பேச்சும் குறைந்துவிட்டது.

இவர் தெருவில் எத்தனை தலை என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீடு வீடாக எழுதுகிறார், ஆள் ஆளாக அல்ல. "நாட்டாமை வீடு அஞ்சு, நம்ம வீடு மூணு" என்கிறார். அந்த மூன்றில் இரண்டு அத்தையும் நானும். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன். "உன்னைய வேற தனியாக் கேக்கணுமாக்கும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சித்திரை 7, திங்கள்

ஓட்டு. பள்ளிக்கூடத்தில் வரிசை. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அத்தை பேட்ஜை வாசலில் கழற்றச் சொன்னார்கள் என்று ஒரே சண்டை. வழக்கம்போல ஒவ்வொருத்தியும் மறைப்புக்குள் போய் மெஷின் சத்தம் கேட்டதும் வெளியே வந்தாள். அத்தைதான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தாள். கண் சரியாகத் தெரியவில்லையாம்.

நானும் போட்டேன். யாருக்கு என்று இதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

சித்திரை 8, செவ்வாய்

சாம்பல் போட்டுத் தேய்த்தும் விரல் மை போகவில்லை.

சித்திரை 28, திங்கள்

எண்ணிக்கை. இவர் விடியுமுன்னே கோவில்பட்டிக்குப் போனார். தொகுதியில் விளக்கு ஜெயித்துவிட்டது என்று மத்தியானமே தெரிந்துவிட்டது. மேலத்தெருவில் வெடி. அத்தை எல்லோருக்கும் சீனி கொடுத்தாள்.

சாயங்காலம் இவர் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் ஊருக்கென்று ஒரு பெட்டிதான், அதில் எங்கள் ஊர் ஓட்டு மட்டும்தான். அதைத் திறக்கும்போது ஏஜெண்டுகள் எதிரே உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள். எப்போதும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வரும். போன தடவை பத்துப் பன்னிரண்டு விளக்குக்குக் குறைந்தது. செத்தவர்கள் பேர் லிஸ்டில் கிடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இந்தத் தடவை முப்பதுக்குக் கிட்டக் குறைகிறது. அத்தனையும் மண்வெட்டியில் கூடியிருக்கிறது.

"நம்ம ஆளு ஜெயிச்சு, நம்ம ஊர்ல தோத்துருக்கான். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மனுக் கொண்டு போறது?" என்றார். சாயங்கால பஸ் கேட்டு மனு எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள். நாட்டாமை திருமேனி வெடியை நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.

அத்தை சீனித் தட்டை உள்ளே எடுத்து வைத்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

சித்திரை 30, புதன்

பழி இவர் தலையில் விழுந்தது. காரணம் நான். "பெண்டாட்டி கீழத்தெரு, மச்சான் எதிர்க்கட்சி ஏஜெண்டு. ரெண்டு பேரும் சேந்து ஓட்ட மாத்தி விட்டுட்டாங்க" என்று டீக்கடையில் பேச்சு. நாட்டாமை தெரு ஆட்களைக் கூட்டி, உண்மை தெரிகிறவரை சீனிராஜ், அதாவது இவர், வண்டியில் மேலத்தெரு ஆள் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் சோறே அந்த வேன்தான். காலையில் சந்தைக்கு, மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு, பருத்திக் காலத்தில் மில்லுக்கு. இன்று காலியாகப் போய்க் காலியாக வந்தார். வந்து வண்டியைத் துடைத்தார். அழுக்கே ஆகாத வண்டி.

யார் அந்த முப்பது பேர்? முப்பது பேரையுமா ஒரே ஆள் மாற்ற முடியும்?

வைகாசி 3, ஞாயிறு

இன்று கீழத்தெருப் பெண்கள் நாலு பேர் இரக்கப்பட்டு வேனில் ஏற வந்தார்கள். இவர் கதவைத் திறக்கவில்லை. "நீங்க ஏறுனா, அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிரும் தாயி. தயவுசெஞ்சு போயிருங்க" என்று கும்பிட்டார். மேலத்தெரு ஏறாது, கீழத்தெருவை ஏற்ற முடியாது.

ராத்திரி சாப்பிடும்போது என்னைக் கேட்டார், "உங்க அண்ணன் எதுவும் வேலை பாத்துருப்பானா மாரி?" அண்ணனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் அவன் ஏன் இன்னும் ஓட்டை மொபெட்டில் சுற்றுகிறான் என்றேன். சிரிக்கவில்லை.

வைகாசி 8, வெள்ளி

நாட்டாமை முடிவு சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை மந்தைக் கருப்பசாமி முன்னால் சத்தியம். மேலத்தெருவில் வீட்டுக்கு ஒரு ஆண் வர வேண்டும். சூடத்தைக் கொளுத்தி, "என் வீட்டு ஓட்டு அத்தனையும் விளக்குக்குத்தான் விழுந்துச்சு, பொய்யின்னா என் வம்சம் விளங்காது" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். வராதவனே குற்றவாளி.

இவருக்கு ஒரே சந்தோஷம். "முத ஆளா நான் அடிக்கப் போறேன். நம்ம வீட்டுல மூணும் சுத்தம். பெறகு எவன் வாயத் திறப்பான்?" என்றார்.

அத்தை கையிலிருந்த முறம் விழுந்து உளுந்தெல்லாம் சிதறியது. இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். அவளும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை.

வைகாசி 10, ஞாயிறு

வேப்பம்பழம் விழ ஆரம்பித்துவிட்டது. காலையில் கூடையோடு வேப்பமுத்துப் பொறுக்கப் போனேன். இன்று நடந்தது வேடிக்கை. ஆனால் சிரிக்க முடியவில்லை.

என் அப்பா கருப்பசாமிக்குப் பூசாரியாக இருந்தவர். இப்போது அண்ணன் செய்கிறான். அதனால் சாமி காரியத்தில் சந்தேகம் என்றால் பெண்கள் என்னிடம் கேட்பார்கள். முதலில் எதிர்வீட்டுக்காரி வந்தாள். எங்கள் கீழத்தெருப் பெண்தான். பக்கத்தில் குனிந்து பொறுக்குகிற மாதிரி, "எங்க சித்தி மக ஊர்ல ஒரு சத்தியம். புருசனுக்கு விசயம் தெரியாது, பொண்டாட்டிதான் மாத்திச் செஞ்சுட்டா. தெரியாம அடிச்ச சூடம் பலிக்குமா?" என்றாள்.

அப்பா சொன்னதைச் சொன்னேன். தெரிந்து அடித்தாலும் தெரியாமல் அடித்தாலும் அடித்த கையைத்தான் சாமி பார்க்கும். அவள் கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

அரை மணி கழித்துக் கடைசி வீட்டு மருமகள் வந்தாள். அவளும் கீழத்தெரு. அவளுக்கு நாத்தனார் ஊராம். அதே சத்தியம், அதே புருசன், அதே கேள்வி. வெயில் ஏறும் நேரத்தில் நாட்டாமை சம்சாரம் சுப்புத்தாய் மதினியே வந்தாள். அவள் பிறந்த வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. "மாரி, திருச்செந்தூர்ப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பள..." என்று தொடங்கினாள்.

யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியாது. ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நினைத்துப் பயப்படுகிறாள். நான் நினைத்துக்கொண்டிருந்ததைப் போலவே.

ஆமாம். இனி மறைத்து என்ன? நானும் மண்வெட்டிக்குத்தான் போட்டேன். வந்த வருடத்திலிருந்து அப்படித்தான்.

இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். முன்பெல்லாம் ஏன் குறையவில்லை? கீழத்தெருவிலிருந்து இங்கே எத்தனை பெண் வந்தார்களோ அத்தனை பெண் இங்கிருந்து அங்கே போனார்கள். நாங்கள் இங்கிருந்து மண்வெட்டிக்குப் போட, அவர்கள் அங்கிருந்து விளக்குக்குப் போட, சரிக்குச் சரியாகிவிட்டது. ஆண்கள் தங்கள் கட்டுப்பாடு என்று மீசையை முறுக்கிக்கொண்டார்கள். இப்போதுதான் மேலத்தெருப் பெண்கள் காலேஜ் படித்துச் சிவகாசி, கோயம்புத்தூர் என்று வாக்கப்பட்டுப் போகிறார்களே. கீழத்தெருவில் படிக்க வைக்க வசதி இல்லை, அங்கிருந்து இங்கே வருவது மட்டும் நிற்கவில்லை. தராசு சாய்ந்துவிட்டது. மனுக் கொடுத்து வாங்கிய காலை பஸ்ஸில் ஏறித்தான் அந்தப் பெண்கள் காலேஜுக்குப் போனார்கள்.

வைகாசி 12, செவ்வாய்

அத்தையும் கேட்டுவிட்டாள்.

இவர் வெளியே போயிருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். "மாரி, தெரியாமச் சத்தியம் பண்ணுனா..." என்று இழுத்தாள். எந்த ஊரில் அத்தை, யார் சித்தி மகள் என்று கேட்டேன். கீரையைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஒனக்குத் தெரிஞ்சு போச்சா?"

எத்தனை வருடமாக அத்தை என்றேன்.

"பிரிச்ச நாள்ல இருந்து."

"பேட்ஜு?"

"அது இந்த வீட்டுக்கு. ஓட்டு அந்த வீட்டுக்கு." கீழே கிடந்த கீரையை எடுத்துக்கொண்டே, "கேளு. எம் பேர்ல என்ன இருக்கு? போட்டுட்டு வந்த நகை இங்க கெணறு வெட்டப் போயிருச்சு. பொறந்த வீட்டுல ஒரு நல்லது பொல்லதுன்னா அஞ்சு ரூவா கொடுக்க உங்க மாமாகிட்டக் கை நீட்டணும். ஆத்தா சாகக் கெடந்தப்பக்கூட நான் வெறுங்கையோட போயி நின்னேன். அந்தப் பொட்டிக்குள்ள கைய வைக்கும்போது மட்டும்தான் எவனும் கேக்க மாட்டான். எங்க அண்ணன் தெரு தோத்துறக் கூடாதுன்னு ஒண்ணப் போட்டுட்டு வருவேன். நான் செய்ற சீரு அது ஒண்ணுதான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் வேறு எதற்காகவும் போடவில்லை. மண்வெட்டி ஆளின் பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எதுக்கு அழுகுற?" என்றாள். பிறகு புரிந்துவிட்டது. "அடி பாதகத்தி!" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வெள்ளிக்கிழமை நினைவு வந்தது.

"எம் புள்ளைய அந்தச் சூடத்த அடிக்க விட மாட்டேன்" என்றாள். "நீயே சொல்லிரு. நான் சொன்னா ஆத்தாள எப்பிடி வையிறதுன்னு தெகச்சுப் போயிருவான். ஒன்னையன்னா நல்லா வைவான், மனசு லேசாயிரும்."

வைகாசி 14, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையிலேயே சூடம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பாப்பா பள்ளிக்கூடம் திறக்குமுன் பாவாடை தைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தேன், எங்கெங்கோ போய்க் கடைசியில், "நாளைக்கு நீங்க சூடம் அடிக்கக் கூடாது. இந்த வீட்டுல மூணு விழல. ஒண்ணுதான் விழுந்துச்சு" என்றேன்.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வைவார் என்று காத்திருந்தேன். வையவில்லை. "ஆத்தாளுமா?" என்று மட்டும் கேட்டார். "எட்டு வருசமா என்கிட்டச் சிரிச்சுக்கிட்டே இருந்தியே மாரி" என்றார். வேனை எடுத்துக்கொண்டு போனார். ஆளே இல்லாமல் எங்கே போனாரோ. சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அவர் என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மற்ற வீடுகளில் சொல்லிவிட்டார்களா? தெரியவில்லை. ஒருத்தியிடம் போய்க் கேட்டால் அவளை நான் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். தெருவில் சத்தமே இல்லை. எல்லா வீட்டிலும் டி.வி. அணைந்து கிடந்தது.

வைகாசி 15, வெள்ளி

முழுவதும் எழுதிவிட வேண்டும்.

இவர் விடிந்ததும் குளித்துவிட்டுக் கிளம்பினார். அடிக்கப் போறீங்களா என்று கேட்டேன். "போகலன்னா நானே ஒத்துக்கிட்ட மாதிரி. போயி நிக்கிறேன். மத்தவன்லாம் அடிக்கட்டும். என் முறை வந்தா, எங்க வீட்டுலதான் மாறுச்சு, என்ன தண்டனையோ போடுங்கன்னு சொல்லப் போறேன்" என்றார். உன் பேரைச் சொல்ல மாட்டேன், என் கைதான் மாற்றிப் போட்டது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். ஒரு பொய்க்குப் பதில் இன்னொரு பொய்யா என்று கேட்டேன். "சூடம் அடிக்காமச் சொல்ற பொய்தான?" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது?

பெண்கள் போகக் கூடாது. ஆனால் வேப்பமரத்துக்கு அடியில் முத்துப் பொறுக்குவதை யார் தடுக்க முடியும்? கோயிலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. கூடையோடு போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் தட்டில் சூடத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றான். இவர் இந்தப் பக்கம் நின்றார். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. ஒரு ஆள்கூட வரவில்லை.

கடைசியில் நாட்டாமை வீட்டு வேலையாள் வந்து, அய்யாவுக்கு ராத்திரியிலிருந்து வயிற்றாலே போகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரருக்கு எங்கோ பங்காளி இறந்து தீட்டாம். கடைசி வீட்டுக்காரர் திடீரென்று மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டாராம், வெள்ளிக்கிழமை எந்தச் சந்தையோ. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாக்குத்தான் வந்தது.

அண்ணன் தட்டைக் கீழே வைத்தான். "என்ன மாப்ள, ஒருத்தனையும் காணோம்?" என்றான். இரண்டு மாதத்தில் அவன் இவரிடம் பேசிய முதல் வார்த்தை.

அண்ணன் மேலத்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் மெதுவாக, "வராத வீட்டுலயெல்லாம் எங்க தெருப் பொண்ணுல்ல இருக்கு" என்றான். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "மாரியுமா மாப்ள?" என்றான்.

"நேத்துத்தான் மச்சான் சொன்னா."

அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டான். "நான் அவளுக்கு ஒரு பொங்கப்படி கொண்டாந்து நாலு வருசமாச்சு" என்றான்.

இவர் நின்றுகொண்டே இருந்தார். திடீரென்று, "மச்சான், அப்ப எங்க அக்கா?" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தான். "வேலுத்தாயா? சேச்சே. அவ மண்வெட்டிக்கு வீடு வீடா நோட்டீஸ் கொடுத்தவ மாப்ள. அவ போயி..." சிரிப்பதா கோபப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இவர் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுப் பக்கம் அல்ல, கீழத்தெருப் பக்கம்.

நானும் கூடையை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். மதினி வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இவர் போய் எதிரே நின்று, "அக்கா, நீ யாருக்குப் போட்ட?" என்று கேட்டார். தெருவே கேட்கிற மாதிரி அப்படிக் கேட்கலாமா!

மதினி வாளியைக் கீழே வைத்தாள். "இத்தன நாள் வராதவன், வந்து கேக்குற கேள்வியப் பாரு" என்றாள். பிறகு இவர் முகத்தைப் பார்த்தாள். "உள்ள வா. ஒனக்குப் போடாம வேற எவனுக்குடா போடுவேன்?"

இவர் அவள் தோளில் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மாடு நடுவில் புகுந்து தண்ணீரைக் குடித்தது. நான் பாதி வழியிலேயே நின்றுவிட்டேன். அது அவர்கள் இரண்டு பேருடைய நேரம்.

வைகாசி 16, சனி

காலையில் வேனில் முதலில் ஏறியது சுப்புத்தாய் மதினி. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எடுப்பா சீனி, சந்தைக்கு நேரமாச்சு" என்றாள். பின்னாலேயே மேலத்தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். எவளும் எவளையும் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்தால் தெரிந்துபோகும் என்று பயம்.

நாட்டாமை வயிறு சரியாகி வந்தார். "நம்ம தெரு ஆளுக மேல எனக்கு எப்பவுமே சந்தேகம் இல்ல. செத்தவுக பேரு லிஸ்ட்ல கெடக்குது, அதான் கொழப்பம்" என்றார். ஆண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானாக யாரிடமும் சொல்லப் போவதில்லை.

வைகாசி 20, புதன்

மனு போயிற்று, இவருடைய வேனில். கீழத்தெருவிலிருந்து புளியோதரைப் பொட்டலம் வந்தது. எம்.எல்.ஏ. உங்கள் ஊரில் எங்களுக்கு ஓட்டுக் குறைகிறதே என்று கேட்டாராம். "கொறையல சார், வேற தெருவுல இருக்கு" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். பஸ்ஸுக்குப் பார்க்கலாம் என்றாராம்.

வைகாசி 24, ஞாயிறு

சாயங்காலம் இவரும் நானும் மதினிக்குப் பொங்கல்படி கொண்டு போனோம். வைகாசியில் யாராவது பொங்கல்படி கொண்டு போவார்களா? நாலு வருடத்துப் பாக்கிக்கு அரிசி, வெல்லம், கரும்பு கிடைக்காததால் ஒரு தார் வாழைப்பழம். தெருமுனையில் நாட்டாமை எதிரே வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் மாம்பழம். "கீழத்தெருவுல தங்கச்சி இருக்கா. சும்மா பாத்துட்டு வரலாம்னு" என்றார். நாங்கள் கேட்கவே இல்லை. அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர், அவர் கையிலும் ஒரு பை. இரண்டு பேரும் ஒருவர் பையை ஒருவர் பார்த்துவிட்டு வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

திரும்பி வந்தால் வீட்டு வாசலில் அத்தையின் அண்ணன், தடி ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வெற்றிலைக் கட்டு. அவர் இந்த வாசலுக்கு வந்து எத்தனை வருடம் இருக்கும்? அத்தை அவருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் பேட்ஜைக் காணோம்.

இருட்டுவதற்குள் என் அண்ணனும் வந்தான், ஓட்டை மொபெட்டில். உள்ளே வரவில்லை. ஒரு துணிக்கடைப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா இருந்திருந்தா அப்பவே கொண்டாந்திருப்பாரு" என்றான். கண் கலங்கிவிட்டது, அவனுக்கும் எனக்கும். பெட்ரோல் இல்லை என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

பையில் சேலை. பாசிப்பச்சையில் ஊதாக் கரை. சகிக்கவில்லை. அண்ணனுக்கு எப்போதுமே நிறம் பார்த்து வாங்கத் தெரியாது. இப்போதே உடுத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.